மதியத்து அரை மாத்திரை

இந்த வருஷமாவது முப்பது நோன்பும் வைத்துவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்குத் தடையாக நின்றது மதியத்தில் போடும் அரை மாத்திரை.

சவூதியில் பதினாறு வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியதில் முதுகுத் தட்டு விலகிப்போனது. லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து வலி மாத்திரைதான் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. ஒரு நாளைக்கு நாலு. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத்தான் தொழுகிறேன். தரையில் நெற்றி வைத்து எத்தனையோ காலமாகிறது.

போன வருஷம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ரமலான் பிறை தெரிந்ததும், இனி மாத்திரையே வேண்டாம் என்று நிய்யத் வைத்து, நாலையும் ஒரே நாளில் நிறுத்தினேன். அல்லாஹ்வுக்காக விடுகிறேன், அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். இரண்டாம் நோன்பன்று உடம்பெல்லாம் வியர்த்து மயிர் சிலிர்த்தது. கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் உதறின. வயிறும் போனது. பட்டப்பகலில் என் வாயில் தண்ணீர் ஊற்றி, ஆட்டோ பிடித்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் என் மனைவி.

அங்கே டாக்டரம்மா என்னை ஒரு பிடி பிடித்தார். "பாய், வருசக் கணக்கா உடம்பு பழகுன மருந்து இது. பட்டுனு நிறுத்துனா உடம்பு சும்மா வுடுமா? கொறைக்கணும்னு எங்கிட்ட சொல்லுங்க, கொறைச்சுத் தரேன். ஆனா என் வேகத்துலதான்."

அவர் வேகம் எறும்பு ஊரும் வேகம். முதலில் பழைய அளவுக்கே கொண்டுபோய் உடம்பைத் தேற்றினார். பிறகு நடுவில் கோடு போட்ட, உடைக்கக்கூடிய மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். மழைக்காலத்துக்கு முன்னால் குறைக்க ஆரம்பித்தோம். அரை மாத்திரை குறைத்தால் ஒரு மாதம் அதிலேயே நிற்க வேண்டும். உடம்பு முரண்டு பிடித்தால் இன்னும் நிற்க வேண்டும். வலி போய்விடும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. "வலி இருக்கும் பாய். அத வச்சுக்கிட்டே நடக்கக் கத்துக்கணும்" என்பார். தெரு முனைவரை நடந்து திரும்புவேன். திரும்பும்போது இடுப்பு இற்றுப்போகும்.

மூன்றுக்கு வந்த இடத்தில் மழை பிடித்தது, வலியும் கூடிற்று. இரண்டு மாதம் அங்கேயே நின்றேன். இரண்டரைக்கு வந்தபோது ரமலானுக்குப் பத்தே நாள் இருந்தது. காலை ஒன்றை விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு போடலாம், மாலை ஒன்றை நோன்பு திறந்ததும் போடலாம். மதியத்து அரையை எங்கே வைப்பது?

"அதையும் காலையிலயே சேத்துப் போட்டுக்கவா?" என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன்.

"வேணாம் பாய். சேத்துப் போட்டா தலை சுத்தும், மயக்கமாவும். இந்த வருசம் நோன்ப வுட்டுடுங்களேன்."

என்னால் விட முடியவில்லை. நோன்புக்கு முன்பே அந்த அரையை நிறுத்திவிட நினைத்து, மதியம் மனைவி கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் வாங்கி, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, அரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டால் போட்டாச்சு என்றேன். மூன்றாம் நாள் மூக்கு ஒழுகியது, முழங்கால் நடுங்கியது. சளி பிடித்திருக்கிறது என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

துணி ஊறவைக்கும்போது அவள் கையில் மாட்டியது.

"என்னாங்க, பையில என்னா இது, வெள்ளையா கரைஞ்சு கெடக்கு?"

"சாக்பீஸா இருக்கும்."

"நீங்க எப்பலேந்து வாத்தியாரு ஆனீங்க?"

ஈரக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள். "போன வருசம் நீங்க ஆட்டோல துடிச்சது இன்னம் ஏங் கண்ண வுட்டுப் போவல. அல்லா நோன்பத்தான கேட்டான், பொய்யையா கேட்டான்?" அழுகையில் குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் பெரம்பலூர் போனோம். டாக்டரம்மா மறுபடி இரண்டரையிலேயே நிற்கச் சொன்னார். அடுத்த அரையைக் குறைப்பது பெருநாள் கழிந்துதான் என்றார். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான், முடியாவிட்டால் ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னார். நான் அறியாததல்ல. அறிந்தும் மனசு ஆறவில்லை. ஊரே நோன்போடு இருக்கும்போது பகலில் வாய் நனைப்பவன் நான் ஒருவன்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முதல் நோன்பன்று மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து, உள் அறைக் கதவைச் சாத்தினேன். மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கதவ ஏன் சாத்துறீங்க? களவா பண்றீங்க?"

ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, ஒரு கையில் அரை மாத்திரை. நோன்பிருந்த அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. அந்தத் தண்ணீரை அவள் கையிலிருந்து வாங்கவே எனக்குக் கூசியது. பிஸ்மில்லா சொல்லி விழுங்கினேன். மனசுக்குள் துஆ கேட்டேன், என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் போகாமல் நின்றாள்.

"வாயத் தொறங்க."

"போட்டாச்சும்மா."

"தொறங்கங்கிறேன்."

திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன்.