பலூன் டீச்சர்

“என்ன டீச்சர் பண்றீங்க?”

“தூசி தட்டறேன்.”

“இதெல்லாம் போன வாரம்தானே வந்தது?”

“புதுசுலதான்மா தூசி ஜாஸ்தி.”

வாசலில் நின்று கேட்டவள் பக்கத்து வகுப்பின் இளைய ஆசிரியை. திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னவர் இரண்டாம் வகுப்பின் மூத்த டீச்சர். ஸ்டேப்ளர் கேட்க வந்தவள் வந்த வேலையை மறந்துவிட்டு நின்றாள். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிற போக்கில் சில திரைகளின் வெற்று மூலையைச் சுண்டுவிரலால் தொட்டுக்கொண்டே போனார். அவர் தொட்டதும், சுவரிலிருந்த பெரிய திரையில் மங்கத் தொடங்கியிருந்த பலூன் ஒன்று மறுபடி சிவந்தது.

“இது தூசியா டீச்சர்?”

“உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. வாயும் நல்லபடியா இருக்கட்டும்.”

அதற்கு மேல் இளையவள் கேட்கவில்லை. துருவிக் கேட்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது.

பெரிய திரையில் பிள்ளைக்கு ஒரு பலூன். டேப்லெட்டில் கை பட்டுக்கொண்டிருக்கும்வரை அதற்குக் கலர் இருக்கும். கொஞ்ச நேரம் படாவிட்டால் சாம்பலாகிக் கீழே இறங்கும். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமாம். அடிக்கடி இறங்குகிற பிள்ளையை மாடிப்படிக்குக் கீழே உள்ள பயிற்சி அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெஷினோடு தனியாக உட்கார வேண்டும். போன பிள்ளைகள் லேசில் திரும்புவதில்லை.

டீச்சரின் சுண்டுவிரல் முக்கியமாக ஒருத்திக்காகத்தான் நீண்டது. ஜன்னலோரத்துச் சிறுமி. கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. கணக்கைப் படித்ததும் கைகளை மடியில் வைத்துக்கொள்வாள். உதடு அசையும். ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பிகளை எண்ணுவாள். விடை சில சமயம் சரியாக வரும், சில சமயம் அசட்டுத் தப்பாக வரும். எப்படியானாலும் அது வந்து சேர்வதற்குள் பலூன் தரைதட்டிவிடும்.

“அவ யோசிக்கறா. யோசிக்கறதுக்கு இவங்க கலரே வைக்கலையே,” என்றார் டீச்சர் ஒருநாள், டிபன் டப்பாவை மூடியபடி.

அவரைச் சாந்தசொரூபி என்று நினைத்துவிடக் கூடாது. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலிக்காகச் சக ஆசிரியைகளோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார். ஆமையையே, “என்னடி ராசாத்தி, இந்த வருஷத்துக்குள்ள சொல்லிடுவியா?” என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்பார். கேட்டுக்கொண்டே அவள் திரையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு நகர்வார். கண்ணாடியில் கீறல் விழக்கூடாதென்று அந்த ஒரு விரலின் நகத்தை மட்டும் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். பெரிய திரை கரும்பலகையை விழுங்கிவிட்டு ஓரத்தில் ஒரு சாண் மிச்சம் வைத்திருந்தது. அந்த ஒரு சாணில் தேதியை மேலிருந்து கீழாக எழுதுவார்.

அவர் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். சாப்பிடும்போது மனைவியின் விரல் மேசையைத் தட்டுவதைப் பார்த்து, “எந்த மாடிக்கும்மா போகணும்?” என்று கேட்பாராம். வெளியூரில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். “நான் ரெண்டு நிமிஷம் சும்மா அவ மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா, ‘அம்மா, நெட் போச்சா’ங்கறா,” என்று சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தார். 

பிள்ளைகளுக்கா தெரியாது? சீக்கிரமே அவர்களும் ஓரத்தைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேச, விரல் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் தகரக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. ஆமை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. டீச்சரின் சுண்டுவிரல் தயவில் அவளுடையதும் சேர்த்துப் பலூன்கள் எல்லாம் உச்சியில் போய் முட்டி நின்றன. ஆர்வம் ததும்பும் வகுப்பு என்று சான்றிதழ் வந்தது; விருந்தாளிகள் கேமராவோடு வந்து படம் பிடித்துப் போனார்கள். டீச்சர் சான்றிதழைக் கதவுக்குப் பின்னால் மாட்டி, அதே ஆணியில் குடையையும் தொங்கவிட்டார்.

பிறகு தலைமையாசிரியர் டீச்சரையும் இளையவளையும் கூப்பிட்டார். “உங்க ரிசல்ட்டப் பாத்துத்தான் மேடம் முடிவு பண்ணினோம். பசங்க தானாவே இவ்வளவு ஆர்வமா படிக்கும்போது ரெண்டு கிளாஸுக்கு ஒரு டீச்சர் போதுமே.”

டீச்சர் வெளியே வந்ததும், “நல்லாத்தான் காட்டிக் குடுத்தேன்,” என்றார், தன் விரலைப் பார்த்து.

இளையவளின் பிள்ளைகளும் டீச்சர் வகுப்பில் திணிக்கப்பட்டார்கள். நடக்க இடமில்லாமல் பெஞ்சுகள் நெருங்கின. ஜன்னலோரம்வரை டீச்சரால் போக முடியவில்லை. எட்டிப் பார்த்தாலும் விரல் எட்டவில்லை. இரண்டு மொழி தெரியும் என்பதால் இளையவளை அலுவலக அறைக்கு மாற்றினார்கள். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லா வகுப்புப் பலூன்களையும் பார்ப்பதும், டேப்லெட் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதும் இப்போது அவள் வேலை. சாம்பலான பலூன் கண் சிமிட்டும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர் பதிவாகிவிடும். ஆமையின் பெயர் இருமுறை பதிவாகிவிட்டது. இன்னொரு முறை விழுந்தால் மாடிப்படிக்குக் கீழேதான்.

அன்று இடைவேளையில் டீச்சர் அலுவலக அறைக்கு வந்தார். இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கும் கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீதான் அமுக்கறியா?”

“ஆமா டீச்சர். அதுதான் வேலை.”

“அமுக்கலைன்னா?”

“அவ திரும்பத் தொட்டதும் தானா கலர் வந்துடும். பதிவாகாது.”

“யாருக்கும் தெரியாதா?”

“கண்டுபிடிச்சா என்னைத்தான் கேப்பாங்க.”

டீச்சர் தலையாட்டினார். நாற்காலிக்குப் பின்னால் போய் அதன் முதுகைப் பிடித்து, அவளையும் சேர்த்து மெதுவாகத் திருப்பினார். திரை முதுகுப் பக்கம் போயிற்று. எதிரே ஜன்னல், அதற்கு அப்பால் ஒரு மொட்டைச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும்.

“கணக்கு பீரியட் மட்டும்,” என்றார், பிடித்த கையை எடுக்காமல். “அந்த நேரம் மட்டும் இப்படி உக்காந்திரும்மா.”