யாழினி மணி அடித்தால்தான் உள்ளே

பொங்கலுக்கு முந்தின நாள் காலை, பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் மாரிக்குப்பம் ரயிலில் ஏறினோம். எனக்கு இருபது ரூபாய், மகளுக்குப் பத்து. எழுபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு இதைவிட மலிவாக யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். கணவருக்கு லீவு இல்லை, மறுநாள் வருவார்.

யாழினிக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பள்ளி விடுமுறை அவளுக்குப் பெரிய தண்டனை. தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள், பஸ் வராவிட்டால் அழுவாள். ரயிலிலும் யூனிஃபார்ம்தான்.

"லீவுல எந்த ஸ்கூலும்மா?" என்றார் எதிர் சீட் அம்மாள்.

"ரயில் ஸ்கூல்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன பொங்கலுக்கு இதே நாத்தனார் வீட்டில் நுழைந்ததும் இருபது பேர் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். யாழினி காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதினாள். பானை பொங்குவதற்குள் ஊர் திரும்பிவிட்டோம். இந்த முறையும் அப்படியானால் இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவுகட்டியிருந்தேன். அப்பாவின் சொந்தங்கள் அவளுக்கு இல்லாமலே போய்விடும்.

பத்து மணி வாக்கில் சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினோம். ஆட்டோ ஐம்பது ரூபாய். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சாம்பல் நிற மண்மேடுகளைப் பார்த்தபடி யாழினி வந்தாள்.

வீட்டுக் கூடத்தில் ஒருவரும் இல்லை. பிள்ளை வருகிறாள் என்று ஒதுங்கிவிட்டார்களா?

நாத்தனார் கலா அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். "இன்னாம்மா, யாரையும் காணோமேன்னு பாக்கறியா? எல்லாம் பக்கத்து வூட்ல கீறாங்க. மூணு மூணு பேராதான் வருவாங்க. ஒரு ஷிப்ட் வெளிய வந்தாதான் அடுத்த ஷிப்ட் உள்ள போவணும். பெல்லு உம் பொண்ணு கையில."

பூஜை மணியை யாழினியிடம் கொடுத்தார். சுரங்கம் ஓடிய காலத்தில், பெல் அடிக்காமல் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டு இறங்காதாம். மேனேஜரே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் ஊர் ரத்தத்திலேயே இருக்கிறது போலும்.

யாழினி மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து ஒருமுறை அடித்தாள். மூன்று பேர் வந்து, தள்ளி உட்கார்ந்து, பேசிவிட்டுப் போனார்கள். மறுபடி அடித்தாள். நடுவில் பெரிய மாமா ஒருவர் நாலாவது ஆளாகக் காலை வைத்தார். "கேஜ் ஃபுல்லு! வெளிய நில்லு மாமா!" என்று தெருவே கத்தியது. கத்தல் கேட்டு யாழினி காதைப் பொத்தினாள். எனக்கு உயிரே போயிற்று. தெரு அந்த நொடியே அடங்கியது. அவள் மெல்லக் கையை எடுத்தாள். மாமா வெயிலில் நின்றார்.

அவரோடு பேசலாமென்று நான் வாசலுக்குப் போனேன். திரும்பி நுழையப் பார்த்தால் யாழினி கையை நீட்டித் தடுத்தாள். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர்.

"நீயும் லைன்ல நில்லும்மா" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே. யாரோ டீ கொடுத்தார்கள்.

பெங்களூரில் பள்ளி வாசல், கல்யாண மண்டபம், மகளை உள்ளே விட்டு எங்கே நின்றாலும் என் காது உள்ளேதான் இருக்கும். எப்போது கூப்பிடுவார்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று. இங்கே டீயை ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். யாரும் கூப்பிடவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன்.