நியாலாஸ் தோட்ட உணவகத்தில் வலைக்குள் ஒரு மதியச் சாப்பாடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியாலாஸ் பக்கம் சாப்பிடப் போனோம். புது கார் எடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் கணவர் குணா திறந்த வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டு ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. போன வருடம் வீட்டுப் பின்புறத்தில் ஒரே ஒரு குளவி அவரைக் கொட்டியது. பத்து நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுக்க முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். அடுத்த முறை இதைவிட மோசமாகலாம் என்று சொன்ன டாக்டர், பேனா வடிவில் ஒரு ஊசியைக் கொடுத்தார். கொட்டியதும் தொடையில் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அன்றிலிருந்து பூங்கா, கடற்கரை, பந்தல் போட்ட கல்யாணம் எல்லாவற்றுக்கும் நான் தடை போட்டேன். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. காரணமும் கையில் கிடைத்தால் கேட்கவா வேண்டும்?

இந்த உணவகத்துக்குப் போகலாம் என்று குணா மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசிதான் காரிலேயே இருக்கிறதே என்று நானும் கடைசியில் தலையாட்டினேன்.

புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டிலிருந்து காலை 10.15க்குக் கிளம்பினோம். டுரியான் துங்கல், செலாண்டார் வழியாகப் போனால் டோல் கிடையாது. 46 கிலோமீட்டர். செலாண்டார் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். நியாலாஸ் கடைத்தெருவுக்குப் பிறகு வலது பக்கம் ஒரு செம்மண் பாதை பிரியும். அதில் 1.8 கிலோமீட்டர் போக வேண்டும். மழை பெய்திருந்தால் சின்ன கார்கள் திணறும். அந்தப் பாதையில் போன் லைன் சுத்தமாக இல்லை. அதைக் கவனித்ததும், ஊசிதான் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். 11.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

இடம் அழகு, அதில் குறை சொல்ல முடியாது. பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயம் இருந்த நிலம். மீன் குளத்தைச் சுற்றி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஆறு குடில்கள், நடுவில் பப்பாளியும் பண்டான் செடியும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காக ஒரு குடிலுக்கு மட்டும் நாலு பக்கமும் கொசுவலை அடித்திருக்கிறார்கள். நடத்துகிறவர் சரோஜா அக்கா, அறுபது வயதிருக்கும். சொன்ன பிறகுதான் சமைப்பார் என்பதால் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். கம்போங் நாட்டுக்கோழிக் கறி, பெத்தாய்க் கொட்டை போட்ட கார சம்பல், வாழையிலைச் சாப்பாடு சொன்னோம்.

அந்த நேரத்தில் காருக்குப் பூஜை போட்டுவிடலாம் என்பது என் திட்டம். பழைய தோட்டத்து முனியாண்டி அங்கேயே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கிறார். புது வண்டியை முனியாண்டிக்குக் காட்டாமல் ஓட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம், சுருட்டு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். கூடவே தேங்காய் மட்டையும் அரைப் பொட்டலம் சாம்பிராணியும். நான் தூபக்காலை எடுத்ததும் அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சூடம் மட்டும் காட்டுங்க தங்கச்சி, போதும். இங்க யாரும் பொகை போட மாட்டாங்க."

"புது வண்டி, அக்கா. கொஞ்சம் நல்லா போட்டுட்டா மனசுக்குத் திருப்தியா இருக்கும்" என்றேன்.

போட்டேன். மட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது. குணா கார் முன்னால் குந்தியபடி கடைசிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். புகை நேராகக் கிளைகளுக்குள் ஏறியது. மேலே முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே மண் பானை அளவுக்கு ஒரு கூடு. தெபுவான். குளவியில் பெரிய ஜாதி, மலாய்க்காரர்கள் பெயரைச் சொன்னாலே ஒதுங்குகிற ஜாதி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி சாட்சாத் நானேதான்.

"யாரும் ஓடாதீங்க. கைய வீசாதீங்க" என்று அக்கா சொன்னது கேட்டது. நான் ஓடினேன். கார் கதவைத் திறந்து முன் டிராயரை இழுத்தேன். புது கார் வாசனையும் ஒரு கையேடும்தான் இருந்தன. ஊசி இல்லை. அப்போதுதான் உறைத்தது: ஊசி பழைய காரின் டிராயரில். பழைய கார் புதன்கிழமையே விற்பனைக் கடைக்குப் போய்விட்டது.

போன் லைன் இல்லை. ஜாசின் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரமாவது ஆகும். போன தடவை பத்து நிமிடத்தில் முகம் வீங்கியது. என் மனது இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டது.

அக்கா நனைத்த சாரோங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தார். தூபக்கால் மேல் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்தார். பிறகு குணாவிடம் அடுப்பில் பால் பார்க்கச் சொல்வது போலச் சொன்னார்: "தம்பி, குந்துனபடியே மெதுவா வாங்க. வலை போட்ட குடிலுக்கு. அவசரம் வேணாம்."

பதினைந்தடி தூரம் இருக்கும். குணா வாத்து நடையில் நகர்ந்தார். பாதி வழியில் ஒன்று அவர் சட்டைக் காலரில் உட்கார்ந்தது. கறுப்பு உடல், ஆரஞ்சுப் பட்டை. அது காலரிலிருந்து கழுத்துக்கு ஏறியது. குணா நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் முனியாண்டியைக் கும்பிடக்கூட மறந்து அந்தக் குளவியையே கும்பிட்டேன். எத்தனை நொடி என்று தெரியாது. பறந்து போய்விட்டது. அவர் வலைக்குள் நுழைந்ததும் நானும் குனிந்தபடி பின்னாலேயே போய் நுழைந்தேன்.

கார் பக்கம் போக வழியில்லை. நான் திறந்த கதவு திறந்தபடியே கிடக்க, உள்ளே நாலைந்து சுற்றின. வலைக் குடிலுக்குள் நாங்கள் இருவரும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தோம். வலையில் வந்து மோதும் சத்தத்துக்கெல்லாம் எனக்குத் தூக்கிப் போட்டது. 12.20க்கு அக்கா அதே ஈர சாரோங்கோடு பின்பக்கமாக வந்து சாப்பாட்டை உள்ளே நீட்டினார்.

"மரத்தடியில பொகை கூடாதுன்னு தோட்டத்துல அப்பவே சொல்லுவாங்க. ஏன்னு இன்னிக்குத்தான் எனக்கும் தெரிஞ்சுச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கோழிக் கறி எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. குணா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெத்தாய் சம்பலை வழித்துவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கலா, ஊசி வண்டியில இல்லேன்னு எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"காலையில கெளம்பும்போதே. டிராயர்ல சன்கிளாஸ் வைக்கப் போனேன், அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். வேறு ஊசி வாங்கும்வரை அவரை வீட்டு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். வாங்கிய பிறகும் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது, இது குளவிப் பயமில்லை. உயிர் போகிற விஷயத்தைக்கூட இந்த மனிதர் என்னிடம் மறைத்திருக்கிறார். அவருக்கு என்னிடம் சொல்வதற்கு அவ்வளவு பயம்.

1.10க்கு மேல் இரைச்சல் அடங்கியது. 1.40க்குத்தான் காரை எடுத்தோம். நியாலாஸ் போய் லைன் கிடைத்ததும், அக்கா கேட்டுக்கொண்டபடி தீயணைப்புப் படையான பொம்பாவுக்குத் தகவல் சொன்னேன். மறுநாள் கூட்டை எடுத்துவிட்டார்கள் என்று அக்கா கடைத்தெருவுக்கு வந்து போனில் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: இருவர் சாப்பாட்டுக்கு 52 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. காசாகக் கொண்டுபோங்கள், லைன் இல்லாத இடத்தில் போனில் கட்ட முடியாது. வெள்ளி முதல் ஞாயிறு வரை காலை 11 முதல் மாலை 4 வரைதான். முதல் நாளே செய்தி அனுப்பிவிட்டால், அக்கா கடைத்தெருவுக்கு வரும்போது பார்த்துவிடுவார், காத்திருக்க வேண்டாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். பூஜை போட்டால் சூடத்தோடு நிறுத்துங்கள், அக்கா பேச்சைக் கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் ஊசியை உடம்போடு வைத்திருங்கள், காரில் வேண்டாம். புது ஊசி வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரப் பெண் கேட்டார், பழையதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று. சொன்னேன். வெயிலில் நிற்கிற காரில் ஓராண்டு கிடந்த மருந்தை நம்பவே முடியாது என்றார். அதை நம்பித்தான் நான் ஓராண்டாகத் தூங்கியிருக்கிறேன்.

அன்று இரவு இதைக் குணாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இனிமேல் இந்த மாதிரி எதையும் மறைக்காமல் சொல்லுவீர்களா என்று கேட்டேன்.

"நீ கத்தாம கேப்பியா?" என்றார்.

செய்ய முடியாததைச் சொல்லி என்ன பயன்?

"கத்துவேன். ஆனா கூட வருவேன்" என்றேன்.