காய்ச்சலில் தள்ளிப்போன கூண்டு

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. மதியம் விமானம். வழியனுப்ப வரமுடியாது என்று அண்ணி காலையிலேயே சொல்லிவிட்டதால், போகிற வழியில் அவளுடைய ஆய்வுக்கூடத்தின் வாசலில் அண்ணன் வேனை நிறுத்தினான். அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். என் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கம்ப்ரஸர் ஒன்று துணியால் மூடிப் படுத்திருந்தது.

"சீக்கிரம் வந்துடு. உங்கண்ணி எலியப் பத்திப் பேச ஆரம்பிச்சா உன் ஃப்ளைட்டு போயிடும்," என்றான்.

எனக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அண்ணி அதைச் சுருக்கி என்னை 'சக்கரம்' என்றே கூப்பிடுவாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் எலி மாமியார். தன் சுண்டெலிகளிடம் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக்கூடாது, நேரம் தவறித் தீனி வைக்கக்கூடாது என்று அத்தனை கெடுபிடி.

கல்லீரல் காயம் பட்டால் தானே வளர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்தப் புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. பித்தநாளத்தின் ஓரத்தில் ஸ்டெம் செல்கள் ஒளிந்திருக்கின்றன, அவைதான் கல்லீரல் செல்களாக மாறுகின்றன என்று அவள் நம்பினாள். நாளத்துச் செல்களுக்கு மட்டும் சிவப்பு அடையாளம் விழும்படி எலிக்கு ஒரு மருந்து கொடுப்பாள். அடையாளம் அழியாது, அந்தச் செல்லின் வாரிசுகளுக்கும் தொடரும். ஒரு வாரம் கழித்துக் கல்லீரலைக் காயப்படுத்துவாள். ஆறிய பிறகு கல்லீரல் செல்கள் சிவப்பாக இருந்தால், அவை நாளத்திலிருந்து வந்தவை.

சிவப்பாகத்தான் இருந்தன, எக்கச்சக்கமாக. கட்டுரை எழுதியாகிவிட்டது. அது வெளிவந்ததும் அவளுடைய ஒப்பந்த வேலை நிரந்தரமாகும் என்று கூடத்தின் தலைவர் சொல்லியிருந்தார். நாங்கள் வீட்டில் கேக்கே வெட்டிவிட்டோம்.

அன்று நான் உள்ளே போனபோது தாழ்வாரத்தில் அவளும் தலைவரும் நின்றிருந்தார்கள். அவள் கையில் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய தட்டு.

"ஏம்மா, ஒரே ஒரு கூண்டு. அத விட்டுட்டுக் கட்டுரைய அனுப்பும்மா. யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன் சார்."

"அதுக்காக மூணு வருஷ வேலையத் தூக்கிக் குப்பையில போடுவியா?"

"கூண்டக் குப்பையில போட்டுட்டா அந்த மூணு வருஷம் சரியாயிடுமா சார்?"

அவர் என்னைப் பார்த்துவிட்டு, பேச்சை விட்டு நடந்தார்.

விஷயம் இதுதான். அண்ணி டைபாய்டில் படுத்திருந்தபோது ஒரு கூண்டுக்கு முறை தவறிப்போனது. மற்ற எலிகளுக்கு ஒரு வாரத்தில் கொடுத்த காயத்தை அந்தக் கூண்டு எலிகளுக்கு இரண்டு மாதம் தள்ளித்தான் கொடுக்க முடிந்தது. அன்று காலை அவற்றின் தகடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கல்லீரல் செல்களில் சிவப்பு இல்லவே இல்லை என்றே சொல்லலாம்.

"வாசல்ல நிக்கிறவங்க கையில மட்டும் முத்திரை குத்தச் சொல்லி ஒருத்தனை நிறுத்தினோம்னு வையி," என்று படியில் உட்கார்ந்து சொன்னாள். "ஒரு வாரத்துல அவன் வீட்டுக்குப் போயிடுவான்னு நெனச்சோம். அவன் போகவே இல்ல சக்கரம். மருந்து உடம்புலயே தங்கியிருந்திருக்கு. அடிபட்ட கலவரத்துல உள்ள இருந்த சாதாரணச் செல்லெல்லாம் கொஞ்ச நாளைக்கு நாளத்துச் செல் மாதிரி வேஷம் போட்டுச்சு. அதுங்க கையிலயும் குத்திட்டான். இந்தக் கூண்டுல மட்டும் ரெண்டு மாசத்துல அவன் கெளம்பிப் போயிட்டான், அதான் சிவப்பு இல்ல."

"அப்ப உங்க ஸ்டெம் செல்லு?"

"தெரியல. முதல்லேருந்து பாக்கணும்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டிலிருந்த தகடுகளின் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெளியே அண்ணன் ஹாரன் அடித்தான்.

பிறகு வருஷக்கணக்கில் ஊர் ஊராகத் திரிந்தேன். செய்தியெல்லாம் அண்ணன் போனில் சொன்னதுதான். கட்டுரையை அவளே நிறுத்திவிட்டாள். இந்த முறை மருந்து கொடுத்து மூன்று மாதம் காத்திருந்து, அதன் பிறகே காயம். "உங்கண்ணிக்கு வேலை நிரந்தரமாகல, பிடிவாதம் மட்டும் நிரந்தரமாயிடுச்சு," என்றான். காத்திருந்து பார்த்ததிலும் சிவப்பு இல்லை. அந்தக் காயத்தை ஆற்றியது பக்கத்திலிருந்த சாதாரணச் செல்கள்தான். கூடத்தின் கூட்டத்தில் அண்ணியே எழுந்து நின்று, முன்பு சொன்னது தப்பு என்று படம் போட்டுக் காட்டினாளாம்.

நான் திரும்பி வந்து பார்க்கப் போனபோது அவளுடைய மேஜையை டீப் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் தள்ளியிருந்தார்கள். ஃப்ரீசர் கடகடவென்று ஆடியது. அதன் பின்னால் குனிந்து திருப்புளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன் என் அண்ணன்.

"சம்பளமில்லாத மெக்கானிக்," என்றாள் அண்ணி.

"சம்பளமில்லாத புருஷன்னு சொல்லு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் அடுத்ததைத் தொடங்கியிருந்தாள். இந்தமுறை ஒரே அடியாக இல்லாமல், மாதக்கணக்கில் நீளும் காயம். சாதாரணச் செல்கள் களைத்துப்போய் இனிப் பெருகவே முடியாது என்கிற அளவுக்கு.

"அதுங்களே வேலையப் பாத்துக்கிட்டா நாளத்துல இருக்கிறது எதுக்கு எழுந்திரிக்கணும்? அதுங்களால முடியாதப்ப யாரு வர்றான்னு பாக்கணும்."

"யாருமே வரலன்னா அண்ணி?"

"வரலன்னு எழுதுவேன். அத எழுதினா மட்டும் கை வலிக்குமா?"

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். எலிகளுக்குத் தண்ணீர் மாற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

அந்த ஒரு வருஷமும் முடியப்போகும் சமயம், மறுபடி கிளம்பலாமா என்று நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளிடமிருந்து படம் ஒன்று வந்தது. சாம்பல் நிறப் பரப்பின் ஓரத்தில் சிறு தீவு போலச் சிவப்பு. கீழே எழுதியிருந்தாள்:

"நாளத்துலேருந்து வந்த கல்லீரல் செல்லு கொஞ்சம்தான். ஆனா இருக்கு. முத்திரைக்காரன் எப்பவோ வீட்டுக்குப் போயிட்டான், அதையும் தனியா சோதிச்சுட்டேன். தலைவரும் பாத்தாரு, ஒப்பந்தத்த ஆறு மாசம் நீட்டிருக்காரு. இன்னொரு தடவ செஞ்சு பாத்துட்டுத்தான் நம்புவேன். அதுவரைக்கும் உங்கண்ணன்கிட்ட சொல்லாத, கேக் வாங்கிட்டு வந்துடுவாரு."