கடல் மண் கழுவிய தண்ணீர்

எமர்ஜென்சிக்கு முந்தின கோடையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் தெருக்கோடிச் சவுக்குத் தோப்பை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, மெட்ராஸ் ஆட்கள் வந்து தங்கினார்கள். விசைப்படகில் போய்க் கடலடியில் நீளக் குழாயை இறக்கி, மண்ணைக் குழாயோடு உருவிக்கொண்டு வருவார்கள். அங்கே கூட்டிப் பெருக்கவும் தண்ணீர் சுமக்கவும் நான் போனேன். புருஷன் செத்த பிறகு நான் பார்த்த முதல் வேலை. ஒருவரும் ஒரு குறை சொல்லாதபடி பார்த்தேன்.

"இந்தச் சேத்த வச்சிகினு இன்னா சார் பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் அவர்களுடைய ஆபீசரைக் கேட்டேன்.

அவர் பொறுமையாகவே சொன்னார். கடலுக்குள்ளும் ஆறு மாதிரி நீரோட்டம் உண்டாம். வேகமாக ஓடிய காலத்தில் பருமணல் தங்கும், சோம்பி ஓடிய காலத்தில் மாவு போன்ற சேறு படியும். கடுகிலும் சின்னச் சிப்பிகள் அதிலே கிடக்கும். வந்தது குளிர்ந்த தண்ணீரா வெதுவெதுப்பான தண்ணீரா என்று அவை காட்டிக்கொடுக்கும். குழாய் மண்ணை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனால், நம் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னால் கடல் எப்படி ஓடியது என்று தெரியும்.

"மேல கீழ கலந்துபூட்டா?"

"அப்புறம் அது வெறும் சேறுதாம்மா."

கலக்கத்தான் கலந்தது. அவருக்கு உதவியாளாக வந்திருந்தவன் படகிலிருந்து இறங்கும்போது ஒரு குழாயைத் தோளிலிருந்து நழுவவிட்டான். மூடி கழன்று மண் கரையில் கொட்டியது. இரண்டு கையாலும் வாரித் திணித்து மூடியை அடித்தான். நான் குடத்தோடு நின்று பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

ஆபீசர் அந்தக் குழாயை அறுத்துப் பார்த்துத் தலையில் கை வைத்தபோது, அவன் முந்திக்கொண்டான். "கூட்டுறப்போ அந்தம்மாதான் சார் தள்ளி வுட்டுச்சு. கொட்டுனத வாரி அடைச்சிட்டுக் கம்முனு கீது."

கண்ணால் கண்டதை நான் சொன்னேன். ஆபீசர் அவன் பேண்ட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். பேண்ட்டை நம்பினார்.

வேலை போனது போகட்டும். பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் எனக்குக் கொட்டினவள் என்று பெயர் வைத்துவிட்டது. மீன் வாங்கப் போனால், "பாத்துத் தூக்குக்கா, கொட்டிடப் போற!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கையில் எடுத்த எதையும் கீழே விட்டவள் இல்லை நான். அந்தப் பெயரை அவன் வாயாலேயே துடைக்க வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவசரப்படவில்லை. அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தச் சேற்றைச் சல்லடையில் போட்டுக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் சிப்பி மேல் உப்புப் பூத்துவிடும். கோடையில் எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் கரிக்கும், என் வீட்டுக் கிணற்றைத் தவிர. அத்தனை நாளும் அங்கிருந்துதான் சுமந்தேன்.

மறுநாள் அவன் குடத்தோடு வந்தான். ராட்டினத்தில் கயிறு இல்லை.

"இன்னாக்கா, கயிறு எங்க?"

"நான் குந்திகினு கீறேன் பாரு, அதான் கயிறு."

"கோவமாக்கா?"

"நேத்து வரிக்கும் ஏய்னு கூப்ட்ட. இன்னிக்கு அக்காவா? யாரு கொட்டுனாங்கன்னு உங்க ஆபீசர்கிட்ட சொல்லு, எழுந்துக்கிறேன்."

"சொன்னா என் வேலை பூடும்க்கா."

"என்னுது பூட்ச்சே."

அவன் போய்விட்டான். மெட்ராஸில் குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடை அது. செங்கல்பட்டு ஏரியிலிருந்து வேன் வைத்துக் கொண்டுவந்து கழுவிப் பார்த்தார்கள். ஏரியின் பொடி நத்தையெல்லாம் சேற்றில் கலந்து, கடல் சிப்பி எது, ஏரி நத்தை எது என்று பொறுக்கிப் பொறுக்கியே ஆபீசருக்குக் கண் சிவந்ததாம். கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசியில் ஆபீசரே வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீருக்கு நிற்கிற சாயங்கால நேரம். பின்னாலேயே அவனும் நின்றான்.

"தண்ணி தர்றேன் சார். அந்தக் கொழா மண்ண யாரு கொட்டுனதுன்னு அவரு வாயால சொல்லட்டும். இவளுங்களும் கேக்கட்டும்."

ஆபீசர் திரும்பினார். அவன் தரையைப் பார்த்தபடி, "நான்தான் சார்" என்றான்.

"காதுல வுழலியே!" என்றாள் மீன்கடையில் என்னைக் கேலி பண்ணின அதே பெண்பிள்ளை. அவன் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆபீசர் முகம் கறுத்துவிட்டது. மறுபடி வேலைக்கு வரும்படி என்னைக் கேட்டார். மாட்டேன் என்றேன். "தண்ணி மட்டும் எடுத்துக்குங்க. வண்டி வேணாம், வேற ஆளு வேணாம். நான் சுமந்த மாதிரி இவரு இடுப்புல வச்சிகினு போவட்டும்." அவர் தலையாட்டினார்.

மெட்ராஸ் கூட்டம் ஊரைக் காலி செய்யும்வரை அவன்தான் சுமந்தான். கொஞ்சம் கொஞ்சமாக நல்லபடி பேசிப் பார்த்தான், ஒருமுறை மாம்பழம்கூடக் கொண்டுவந்தான். தொடவில்லை. கடல் எத்தனையோ முறை தன் ஓட்டத்தை மாற்றிக்கொண்டது என்று கண்டுபிடித்தார்களாம். மாற்றிக்கொள்ளட்டும். நான் கிணற்றங்கரையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருப்பேன். அவன் குடத்தை இடுப்பில் ஏற்றித் தெருவில் இறங்கும்போது, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன்:

"தம்பி, கொட்டாம எடுத்துகினு போ!"