காஸ் துணியும் காந்தக் கலனும்

மூன்று வருடங்களுக்கு முன், இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள ஒரு கல்லூரியில் நடந்தது இது. நான் அங்கே இயற்பியல் ஆசிரியை.

அணுக்களை இணைத்து, சூரியனில் நடப்பது போல ஆற்றல் எடுக்க உலகமெங்கும் முயல்கிறார்கள். அதற்கு வாயுவைக் கடுமையாகச் சூடேற்றி, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். இணைப்பதெல்லாம் எங்களால் ஆகாது. பிடித்து நிறுத்துவதை மட்டும் சின்ன அளவில் செய்துபார்க்க நானும் மாணவிகளும் ஓர் எஃகுக் கலன் செய்தோம். காந்தச் சுருள்களை மோட்டார் காயில் கட்டும் கடையில் சுற்றி வாங்கினோம்.

கல்லூரிச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்மா, பெரிய பெரிய நாடே திணறுது. நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு இது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா ரூமை ஸ்டோருக்குக் குடுத்துருவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஓடும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கலன்தான் கேட்கவில்லை. வாயுவை விடுமுன் உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் எடுத்தாக வேண்டும். பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, எங்கிருந்தோ காற்று உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் எல்லாரையும் திட்டினேன். பம்ப் விற்றவரிடம் போனில் சண்டையே போட்டேன்.

வியாழக்கிழமை ஆய்வக உதவியாளர் அக்கா வந்து பார்த்தார். முன்பு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர். "மேடம், மூடி போடுமுன்ன எதை வச்சுத் தொடச்சீக?"

"காஸ் துணிதான். ஆஸ்பத்திரிக்கே போகுது, அதைவிடச் சுத்தம் ஏது?" காயத்துக்குக் கட்டும் அந்த வலைத்துணியை நெய்கிற ஊர் எங்களுடையது; இங்கே எதைத் துடைப்பதற்கும் அதுதான்.

அக்கா சிரித்துவிட்டார். "சுத்தந்தான். வெட்டுன ஓரம் எம்புட்டு நூல் விடும்னு எனக்கில்ல தெரியும்! செத்த கழட்டுங்க."

மூடியைக் கழற்றினோம். கம்பெனியில் பிசிறு பார்ப்பது போல டார்ச்சைச் சாய்த்து அடித்தார். மூடிக்கடியில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு வெள்ளை நூல்; அந்த இடுக்கில்தான் காற்று புகுந்திருக்கிறது. நான் துடைத்த இடம். வெட்கமாகப் போய்விட்டது. மாணவிகள் முன்னாலேயே பம்ப் விற்றவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலை, செயலாளர் முன்னால் சுவிட்சைப் போட்டோம். கலனின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால், உள்ளே முழுக்க இளஞ்சிவப்பு வெளிச்சம். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது சுவரை விட்டு விலகி வளையமாகச் சுருங்கியது. ஒரு நொடிகூட நிற்கவில்லை, அணைந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"ஆரம்பம் சார். பொறவு செய்யப்போறது இதுல இருக்கு" என்று எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தை அவர் கையில் வைத்தேன். காஸ் துணி அறைக்குள் வரக் கூடாது என்பது அதில் முதல் வரி.

அறை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. நம்ம ஊருக்கு எதுக்கு இது என்று யாராவது கேட்டால் இன்றும் கோபம் வருகிறது, வரட்டும். ஆனால் ஏதாவது ஓடாமல் நின்றால், அடுத்தவரைத் திட்டுவதற்கு முன் என் கை பட்ட இடத்தைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.