நோயாளி போட்ட தேத்தண்ணி

போன சனிக்கிழமை பின்னேரம் ரெஜினா அக்காவைத் தேற்றப் போனோம். 'போனோம்' என்றால் நான் மட்டுமில்லை, தன்னாமுனை ஊரிலுள்ள எங்கள் ஜெபக் குழு முழுவதும்!

அக்காவுக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து முதல் நாள்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பாவம் டொக்டர்... அவருக்கு எங்கள் குழுவைத் தெரியாது.

வேனிலும் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலுமாகப் போய் இறங்கினோம். அக்காவின் கணவர் செல்வம் அண்ணன் பக்கத்து வீடுகளில் பிளாஸ்டிக் கதிரை சேர்க்க ஓடினார். அக்கா வாசலில் நின்று, "வாங்க, இரிங்க" என்றார். நாங்களும் இருந்தோம். அவர்தான் இருக்கவில்லை. கதிரை போதவில்லை.

"கர்த்தர் உங்களைத் தாங்குவார் சிஸ்டர்" என்றார் குழுத் தலைவர், நன்றாகச் சாய்ந்துகொண்டு.

ஜெபம் ஆரம்பமானது. எந்த வார்ட், எந்தக் கட்டில், என்ன ஒப்பரேஷன் என்று தலைவர் ஆண்டவருக்கு விளக்கம் கொடுத்தார். ஆண்டவருக்குத் தகவல் போய்ச் சேராமல் இருந்தால்? பிறகு ஆஸ்பத்திரி, மாவட்டம், நாடு என்று ஜெபம் விரிந்துகொண்டே போனது.

உலக சமாதானத்துக்கு வந்தபோது குசினியில் எண்ணெய் சீறும் சத்தம். கண்ணைத் திறந்தேன். அக்காவைக் காணவில்லை! யாருக்காக வந்தோமோ அவர் இல்லாமலே ஜெபம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

எழும்பி உள்ளே போனேன். அக்கா ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு மறு கையால் கட்லட் பொரிக்கிறார். முகமெல்லாம் வியர்வை. எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"என்னக்கா இது? விடுங்க, நான் பொரிக்கிறன்."

"நீ போய் ஜெபி கா தங்கச்சி. வீட்ட வந்த சனத்த வெறும் வாயோட அனுப்பேலுமா?"

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். ஆனால் தேத்தண்ணி ஏற்கெனவே ஊற்றி வைத்தாயிற்று. எல்லோரும் ரசித்துக் குடித்தார்கள். ஒரு சகோதரி மட்டும், சீனி கொஞ்சம் குறைவு என்றார்.

நோயாளியைப் போய்ப் பாருங்கள் என்றுதான் இயேசு சொன்னார். நோயாளி சுட்ட பலகாரத்தைச் சாப்பிடச் சொன்னாரா? விசுவாசம் என்ன அவ்வளவு சிக்கலான விஷயமா? கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய், நெற்றியில் கை வைத்து ஒரு வரி ஜெபித்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தால் பரலோகத்தில் கணக்கில் எடுக்க மாட்டார்களா?

கடைசியில் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சிஸ்டர், விசேஷமா ஏதாவது ஜெப விண்ணப்பம் இரிக்கா?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம் பிரதர், ஒண்டு இரிக்கு. எனக்குக் கொஞ்சம் நித்திரை கொள்ளணும். நீங்க எல்லாரும் வீட்ட போனா நல்லம்."

பின்னாலிருந்து செல்வம் அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்: "ஆமென்!"

சற்று நேரத்தில் முற்றம் வெறிச்சோடியது. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கேட்ட கையோடு பதில் கிடைத்த ஜெபத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்!